சாவிக்கடைக்கு ஒரு வண்டி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. சுவரில் சாய்ந்துகொண்டு காலை நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இன்றைக்குச் சொல்லப்போகிற கதையில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. ஒரு சமையலறை, ஒரு மேசை, அலுத்துப்போன இரண்டு ஆண்பிள்ளைகள், அவ்வளவுதான். ஒருவன் சுண்டு. சளியெல்லாம் பசைபோல நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற வியாதியோடு பிறந்தவன். டாக்ஸி ஆபீசில் போனை எடுத்து, எந்த வண்டி எங்கே போகவேண்டும் என்று சொல்வது அவன் பிழைப்பு. மற்றவர் அவனுடைய அக்காவின் புருஷன். அதே ஆபீசில் வண்டி ஓட்டுகிறார். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். அக்கா வேலைக்குப் போய்விட்டாள். நெஞ்சில் குடியேறிய கிருமியைக் கொல்ல, சுண்டு ஒரு மருந்தை ஆவியாக இழுக்கவேண்டும். நாலு வாரம் மருந்து, நாலு வாரம் ஓய்வு. ஓய்வு நேற்றோடு முடிந்தது. இனி அவர்கள் பேசட்டும், நாம் குறுக்கே புகவேண்டாம்.

— ...கை கழுவினியா?

— அதான் கழுவிட்டேன்னு சொன்னேனே மச்சான். எதையும் ரெண்டு தடவ கேக்கறதே உங்களுக்கு வழக்கமாயிருச்சு.

— சோப்பு போட்டு?

— என்ன?

— சோப்புடா. சோப்பு.

— போட்டேன், போட்டேன். மோந்து பாக்கறீங்களா?

— தள்ளு கைய. ராத்திரி பூரா பின் சீட்டுல செண்டுல குளிச்ச கூட்டம். என் மூக்குக்கு இன்னிக்கு லீவு.

— அப்ப மருந்த எடுங்க. நான் இழுத்துட்டு வேலையப் பாக்கறேன், நீங்க போய்ப் படுங்க. கண்ணு ரெண்டும் ரத்தமா இருக்கு.

— படுக்கலாம்... படுக்கலாம். உங்கக்கா என்ன சொல்லிட்டுப் போனா?

— உங்ககிட்டதானே சொல்லிட்டுப் போனா.

— நான் அப்பதான் உள்ள வரேன், அவ வெளிய போறா. செருப்ப மாட்டிக்கிட்டே பொரிஞ்சு தள்ளினா. பாதிதான் காதுல விழுந்துச்சு. நீ சொல்லு.

— முதல்ல மூச்சுக்குழாய் விரியறதுக்கு பஃப். அப்புறம் நெஞ்சத் தட்டி சளி எடுக்கணும். அப்புறம் உப்புத்தண்ணி ஆவி. எல்லாத்துக்கும் கடைசியா இது. போதுமா?

— இது ஏன் கடைசில?

— பள்ளிக்கூடத்துல கேக்கற மாதிரி கேக்கறீங்களே...

— தெரியலன்னா தெரியலன்னு சொல்லு மாப்ள, நான் ஒண்ணும் அடிக்கமாட்டேன்.

— சளி அடைச்சிருந்தா மருந்து மேலயே நின்னுரும். கிருமி அடியில சப்பணம் போட்டு உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்கும். ரோட்டைப் பெருக்கிட்டுதான் வண்டிய விடணும். உங்க பாஷையில சொல்லியாச்சு.

— ம். எல்லாம் ஆச்சா?

— நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஆச்சு. மெஷின்ல மருந்து இழுக்கறதுதான் பாக்கி.

— அந்த வாய்ப்பொருத்தி, கப்பு, எல்லாம்?

— நேத்தே வெந்நில கொதிக்க வெச்சாச்சு.

— துணியில துடைக்கலியே?

— ஐயோ... துடைக்கல மச்சான். காத்துல காய வெச்சேன். துணியில இருக்கற அழுக்க நெஞ்சுக்குள்ள அனுப்பக்கூடாது. வேற?

— மருந்துக் குப்பி பிரிட்ஜுலதானே இருந்துச்சு?

— இன்னிக்கு உங்களுக்கு என்னதான் ஆச்சு? போன தடவ ரெண்டு மருந்தையும் ஒரே கப்புல ஊத்திட்டா நேரம் மிச்சம்னு வந்த ஆளு நீங்க!

— அத விடமாட்டியா நீ.

— எப்படி விடறது? அக்கா போட்ட சத்தத்துல எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கிச்சு. "டீசல்லயும் பெட்ரோல்லயும் சேத்து ஓட்டுவியா உன் வண்டிய"ன்னு கேட்டாளே!

— கேட்டா. அன்னிக்கு எனக்குப் புத்தி வந்துச்சு. இது தனிக் கப்பு, தனி வாய், எதோடயும் சேராது. அதனாலதான் இப்ப ஒண்ணொண்ணா கேக்கறேன்.

— கேளுங்க, கேளுங்க. நான் உக்காந்திருக்கேன். எனக்கென்ன, இந்த மேசைதானே என் வீடு. காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். மத்தவன் பல்லு தேய்ச்சு முகம் கழுவிட்டு வெளிய போயிடறான். நான் நெஞ்சக் கழுவிட்டுப் போகணும்.

— அலுப்பா இருக்காடா?

— என்ன?

— அலுப்பா இருக்கான்னு கேட்டேன்.

— ...அலுக்காம? ஆனா ஒண்ணு மச்சான். போன ரவுண்டுக்கு அப்புறம் சளியில பச்சையே இல்ல. பாத்தீங்கல்ல?

— பாத்தேன்.

— ஆபீஸ் மாடிப்படி. போன வருஷம் பாதில நின்னு, போன் பேசற மாதிரி நடிப்பேன். மேல வரவன் கீழ போறவன் எல்லாருக்கும் ஒரு சலாம். இப்ப ஒரே மூச்சுல ஏறறேன். ஒரே மூச்சுல! மேல போய் நின்னுட்டு, யாராவது பாத்தாங்களான்னு திரும்பிப் பாத்தேன். ஒருத்தனும் பாக்கல.

— நான் பாத்தேன்.

— எங்க இருந்து?

— கீழ வண்டில இருந்து. ஹாரன்கூட அடிச்சேன். நீ திரும்பல.

— ...சந்தோஷத்துல கவனிச்சிருக்க மாட்டேன்.

— ம்ம்.

— குப்பிய உடைங்க மச்சான். நர்ஸம்மா போன் வர்றதுக்குள்ள முடிச்சுடுவோம்.

— ஏன், அவங்க கேட்டுட்டுதான் ஆரம்பிக்கணும்னு சொன்னாங்களாமே.

— அது சும்மா ஒரு சடங்குக்கு. ஒவ்வொரு ரவுண்டுக்கு முன்னாடியும் அதே கேள்விதான். மூச்சு இரைக்குதா, சளியில ரத்தம் வருதா, தலை சுத்துதா, காதுல இரைச்சல் இருக்கா, மூத்திரம் சரியா போகுதா... எல்லாத்துக்கும் இல்லன்னு சொல்லிடுங்க.

— மூத்திரத்துக்குமா?

— அய்ய... அதுக்கு மட்டும் ஆமான்னு சொல்லுங்க.

— நானா சொல்லணும்?

— நான் வாயில குழாயோட இருப்பேன். பேசினா மருந்து வெளிய போயிரும். நீங்கதான் சொல்லணும்.

— அதுக்குத்தான் இந்த அவசரமா?

— என்ன அவசரம்? நேரத்துக்கு இழுக்கணும் மச்சான். காலை வேளைக்கும் சாயங்கால வேளைக்கும் நடுவுல இடைவெளி சரியா இருக்கணும். தள்ளிப்போச்சுன்னா ரெண்டையும் சேத்துப் போடக்கூடாது. உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும், தெரியும். ...ஆமா, நேத்து அந்த சாவிக்கடை அம்மா என்ன சொன்னாங்க?

— எந்த காபிக்கடை அம்மா? ஏன் அப்படிப் பாக்கறீங்க?

— சாவி மாப்ள. சாவி. பூட்டு, சாவி.

— ஓ... அதா. லைன்ல ஒரே இரைச்சல்.

— அந்தம்மா வீட்டுச் சாவியத் தொலைச்சுட்டு, புது சாவி வெட்டிக்கிட்டு, கடை வாசல்ல பையோட நிக்குது. நான் நீ சொன்ன காபிக்கடை வாசல்ல. யாரும் வரல. சரி, சும்மா நிப்பானேன்னு ஒரு காபி குடிச்சேன். கசப்பு.

— காபியாவது கிடைச்சுதே.

— அதுக்கு முந்தி தச்சுப்பட்டறைன்னா அச்சுப்பட்டறைக்கு அனுப்பின. அந்த ஆசாரி ஒரு முக்காலியத் தலையில கவுத்துக்கிட்டு மழையில நின்னாரு. நான் போனப்ப, "வாங்க, குடைக்குள்ள வாங்க"ங்கறாரு என்னை.

— ஹ ஹ... முக்காலிக்குள்ளயா?

— சிரி. நல்லா சிரி. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பையனுக்கு யாரோ ஒருத்தி கிடைச்சுட்டா, அதான் புத்தி இங்க இல்லன்னு.

— யாரு, எனக்கா? ஆவி இழுக்கறவனையா கட்டிக்குவா?

— உங்கக்கா டீசல் நாத்தத்தையே கட்டிக்கிட்டா. விடு. ...ஹெட்செட்ட ஏன் அவ்வளவு சத்தமா வெச்சிருக்க? அடுத்த மேசைக்காரன் சொல்றான், உன் காதுல பேசறது அவனுக்குக் கேக்குதாம்.

— அவனுக்குப் பாம்புக் காது.

— ம்ம்.

— மச்சான், என்ன நீங்க போலீஸ்காரன் மாதிரி? லைன் சரியில்லன்னு சொல்றேன்ல. 'ச'வும் 'த'வும் அந்த லைன்ல வர்றதே இல்ல. நான் என்ன பண்ண? முதலாளிகிட்டயும் அதத்தான் சொல்லப்போறேன்.

— சொல்லவேணாம். அவருகிட்ட நான் ஏற்கனவே பேசிட்டேன்.

— என்னன்னு?

— விடு.

— என்னன்னு பேசினீங்க?

— நீ சரியாதான் சொன்ன, நான்தான் தப்பாக் கேட்டுக்கிட்டேன்னு. எனக்குக் காது மந்தமாயிருச்சுன்னு.

— ஐயோ மச்சான்...

— அவரு ரொம்ப அக்கறையா, "வயசாகுதில்ல, ஒரு காது டாக்டரைப் பாருப்பா"ன்னு விலாசம் வேற கொடுத்தாரு.

— எதுக்கு அப்படிச் சொன்னீங்க? உங்க வேலை போயிட்டா?

— உன் வேலை போயிட்டா? ...சரி, சரி, மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. வா, மருந்து போடலாம். நேரா உக்காரு. முதுகு.

— இந்தா, உக்காந்தாச்சு. ஊத்திட்டீங்களா?

— நீ கண்ண மூடு. எப்பவும் மூடிக்குவல்ல. நான் பாத்துக்கறேன்.

— குப்பி கலங்கலா இல்லியே?

— தண்ணி மாதிரி இருக்கு. மூடு.

— மூடிட்டேன்.

— குழாய உதட்டால நல்லாக் கவ்விக்க. அவசரப்படாத, எப்பவும் விடற மூச்சுதான்.

— ம்ம்.

— பழைய மெஷின் அலறும். இது பரவாயில்ல, கொசு கத்தற மாதிரிதான். இல்ல?

— ம்ம்.

— மெஷின் ஓடுதா?

— ம்ம்.

— நல்லாக் கேக்குதா?

— ம்ம்... ம்ம்.

— கண்ணத் தொற மாப்ள.

— ம்?

— தொற. என் கையப் பாரு. என்ன இது?

— ...பிளக்கு.

— எங்க இருக்கு?

— உங்க கையில.

— குப்பிய இன்னும் உடைக்கல. இதையும் சுவத்துல மாட்டல. நீ எதக் கேட்டுக்கிட்டிருந்த, சுண்டு?

— குசும்பு பண்றீங்க.

— எனக்கு அதுக்குத் தெம்பு இல்லடா இன்னிக்கு. சொல்லு. எப்பலேருந்து?

— ...போன ரவுண்டு. கடைசி வாரம்.

— எப்படி?

— அப்பவும் மெஷின்னுதான் நெனச்சேன். நிறுத்தின பிறகும் அது நிக்கல மச்சான். சரி, கொஞ்ச நேரத்துல போயிரும்னு... மருந்து இல்லாத வாரத்துல போயிரும்னு... பாதி போச்சு. மீதி போகல. ராத்திரி தலையணையில காது வெச்சா, உள்ள யாரோ மெஷினப் போட்டுட்டுப் போயிட்ட மாதிரி.

— தலை சுத்துதா?

— எப்பவாச்சும்.

— எப்பவாச்சும்னா?

— மாடிப்படியில இறங்கறப்ப. ஏறறப்ப இல்ல.

— அடப்பாவி. மருந்தோட வந்த பேப்பர்ல, நர்ஸம்மா வாயில, உங்கக்கா வாயில, எல்லா இடத்துலயும் அதத்தானேடா சொல்லியிருக்கு? காதுல சத்தம் வந்தா உடனே சொல்லு, அடுத்த வேளை போடறதுக்கு முன்னாடி சொல்லுன்னு.

— சொன்னா நிறுத்திருவாங்க.

— நிறுத்தட்டும்.

— நிறுத்தட்டுமா? நீங்க சொல்லுவீங்க. போன வருஷம் பாதி நாள் ஆஸ்பத்திரிக் கட்டில்ல யாரு கிடந்தா? ஊசி குத்தி குத்தி கையில இடமில்லன்னு கால்ல தேடினாங்களே, அது யாரு காலு? அக்கா பக்கத்துல நாற்காலியில செருப்போட தூங்குவா. கழட்டினா, கூப்பிட்டதும் ஓட முடியாதுன்னு. இந்த மருந்து வந்துதான் அவ வீட்டுல செருப்பக் கழட்டிட்டுப் படுக்கறா. இத நிறுத்தச் சொல்லவா நான் வாயத் திறக்கணும்?

— மெதுவா... இருமல் வரும்.

— வரட்டும். காது போனா போகட்டும் மச்சான். கேக்காம இருக்கலாம். மூச்சு விடாம இருக்க முடியுமா?

— ரெண்டுல ஒண்ண எடுத்துக்கன்னு உன்ன எவன்டா கேட்டான்? டாக்டர் கேட்டாரா? நீயா ஒரு தராச வெச்சுக்கிட்டு, நீயா காத ஒரு தட்டுல வெச்சுட்ட. வேற மருந்து இருக்கா, அளவக் குறைப்பாங்களா, ரத்தத்துல எவ்வளவு ஏறியிருக்குன்னு பாப்பாங்களா, உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? தெரிஞ்சவங்ககிட்டதானே சொல்லணும்.

— வேற மருந்து கேக்கலன்னா?

— அப்ப சேந்து முழிப்போம். நீ தனியா முழிக்காத. இந்தக் கிருமிக்கு இது ஒண்ணுதான்னு உனக்கு யாரு சொன்னா? நீயும் நானும் சேந்து ஒரு கப்புல ரெண்டு மருந்த ஊத்தப் பாத்த ஆளுங்க. நமக்கு என்ன தெரியும்?

— ...நீங்க ஊத்தப் பாத்தீங்க. நான் கப்ப மட்டும்தான் பிடிச்சேன்.

— அதான, விட்டுக்கொடுக்க மாட்டியே.

— அக்காகிட்ட சொல்லணுமா?

— நீ சொல்லு. நானும் சொல்லணும், சாவிக்கடை, ஆசாரி, முதலாளி, எல்லாம் என்கிட்டயும் இருக்கு. யாரு முதல்ல சொல்றதுன்னு வேணா சீட்டுப் போட்டுக்கலாம்.

— நீங்க முதல்ல. உங்களத் திட்டி முடிக்கறதுக்குள்ள களைச்சுடுவா.

— சரியான ஆளுடா நீ.

— குப்பிய திருப்பி பிரிட்ஜுல வெச்சிருங்க மச்சான். வெளிச்சம் படக்கூடாது.

— வெச்சாச்சு. இந்தா, தண்ணி குடி.

— ...நர்ஸம்மா கூப்பிடட்டும். நானே சொல்றேன். எல்லாத்துக்கும் இல்லன்னு சொல்லமாட்டேன்.

— சொல்லுவியா?

— சொல்றேன்னா சொல்றேன். ஆனா இவ்வளவு நேரமாச்சே, காலைலயே கூப்பிடறேன்னாங்களே. போன் இன்னும் வரவே இல்லயே மச்சான்?

— வந்துச்சுடா.

— என்ன?

— போன் வந்துச்சு. நான் வந்து உக்காரறதுக்கு முன்னாடியே, இதோ, இந்த அலமாரியில அடிச்சு அடிச்சு ஓஞ்சுது, திரும்பவும் அடிச்சுது. நீ ஜன்னல் பக்கம் திரும்பி கப்ப மாட்டிக்கிட்டிருந்த.

— ...நீங்க என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?

— நான் ஒண்ணும் சொல்லல மாப்ள. காதுல ஏதாவது சத்தம் இருக்கான்னு அவரையே கேளுங்கன்னாங்க. உன் முதுகுக்குப் பின்னாடி நின்னு, "சுண்டு, காதுல ஏதாவது சத்தம் கேக்குதாடா"ன்னு கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். நீ பாட்டுக்கு கப்ப மாட்டிக்கிட்டே இருந்த. எல்லாத்தையும் போன்ல கேட்டுக்கிட்டிருந்த அந்தம்மா, "பதில் வந்துருச்சுங்க, மருந்து போடாம அவரைக் கூட்டிட்டு வாங்க"ன்னாங்க... எந்திரி, அப்பவே ஆபீசுக்குச் சொல்லிட்டேன், கீழ வண்டி வந்து ஹாரன் அடிச்சுக்கிட்டிருக்கு.

அவ்வளவுதான் கண்ணுகளா, அவர்கள் படியிறங்கிப் போய்விட்டார்கள். அவன் இறங்கும்போது மச்சான் ஒரு படி முன்னால் இறங்கினார், அது எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு தடையில்லாமல் ஓடட்டும். கூப்பிட்ட குரல் காதில் விழட்டும். விழாத நாளில், கிட்டே வந்து தோளைத் தொட ஒரு கை இருக்கட்டும். போய் நிம்மதியாகத் தூங்குங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு.